காட்டுக்குக் கவ்வாத்து

அவருக்கு முதுகு கிடையாது. இதை நான் சொல்லவில்லை, லேசர் மெசின் சொன்னது. பல்கலைக்கழகத்துக் கணினியில் எங்கள் தோட்டத்துக் காட்டைப் புள்ளி புள்ளியாகப் பரப்பி வைத்திருந்தார்கள். மரம், கிளை, பெரணி, பாறை எல்லாமே புள்ளி. அதன் நடுவே ஒரு கீனா மரத்தடியில், கையில் பிரம்போடு ஒரு மனிதப் புள்ளிக்கூட்டம் நின்றது. முன்னால் போய்ப் பார்த்தால் தொப்பி, தொந்தி. சுற்றி வந்து பின்னால் பார்த்தேன். அங்கேயும் தொந்தி!

பெரிய மாயம் ஒன்றுமில்லை. அந்த மெசின் தனக்கு முன்னால் தெரிவதை மட்டும்தான் அளக்கும். மறுபக்கம் வேண்டுமென்றால் மெசினைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் போக வேண்டும். நான்கு இடத்தில் வைத்து அளந்து, நான்கையும் கணினியில் ஒட்டினால் ஒரு மரம் முழுசாக வரும். மரம் நின்ற இடத்தில் நிற்கும். எங்கள் கண்டாக்கு ஐயா நிற்பாரா? மெசின் எந்தப் பக்கம் போனதோ அந்தப் பக்கம் திரும்பித் தொப்பியைச் சரிசெய்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். போட்டோ பிடிக்கிறார்கள் என்று நினைப்பு.

"ஐயா, இது போட்டோ இல்லீங்க" என்று நான் தொண்டை வற்றச் சொன்னேன்.

"இருக்கட்டும் புள்ள. எதுக்கும் ஒழுங்கா நிப்போம்" என்றார்.

எங்கள் தோட்டத்தில் மனேஜரான துரைக்கு அடுத்த ஆள் கண்டாக்கு. மலையில் நடக்கும் வேலை முழுவதற்கும் அவர்தான் பொறுப்பு. காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களைப் பிரித்து அனுப்புவது, கொழுந்து மலையைச் சுற்றி வருவது, கங்காணிமாரை விரட்டுவது எல்லாம் அவர் வேலை. அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயத்தில் யாரும் கேட்டதில்லை. காக்கிக் கால்சட்டை, முழங்கால் வரை இழுத்துவிட்ட சாம்பல் நிறக் காலுறை, மழையானாலும் வெயிலானாலும் ஒரு கோட். பிரம்பு எப்போதும் கையில் இருக்கும். அதைக்கொண்டு அவர் யாரையும் அடித்து நான் பார்த்ததில்லை. "அந்தா, அந்தா" என்று காட்டுவதற்குத்தான் அதை வைத்திருந்தார்.

காட்டுவதுதான் அவர் தொழில். கொழும்பிலிருந்து கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள் என்றால் எங்கள் கண்டாக்கு ஐயாவுக்குச் சாமி வந்துவிடும். பாதையோரத் தேயிலை வரிசை மட்டும் நூல் பிடித்த மாதிரி இருக்கும். தார்ப்பீப்பாய்களில் சிவப்புப் பூச்செடி வந்து உட்காரும். பாதையோரத்து மரங்களுக்கு இடுப்பளவு சுண்ணாம்பு. எங்கள் லயத்துக்கும் சுண்ணாம்பு அடிப்பார்கள், ஆனால் பாதையைப் பார்த்த சுவருக்கு மட்டும். பின்சுவர் கரிபிடித்து, ஓதம் ஏறி, பச்சைப்பாசியோடு அப்படியே கிடக்கும்.

"முன்பக்கம் கல்யாணம், பின்பக்கம் கருமாதி" என்பாள் என் அம்மா.

கேட்டால் அவரிடம் ஒரே பதில்தான். "கண்ணு எட்டுற வரைக்கும் நாம பாக்கணும். அதுக்கு மேல ஆண்டவன் பாத்துக்குவான்." இதை அவர் ஏதோ தேவாரம் போலச் சொல்வார்.

நானே ஒரு தடவை காட்டப்பட்டிருக்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கம், எனக்கு ஐந்து வயது இருக்கும். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். மேற்பிரிவில் ஒன்று, கீழ்ப்பிரிவில் ஒன்று என்று தோட்டத்தில் இரண்டு இருந்தன. மேற்பிரிவில் பிள்ளைகள் இருந்தோம். கீழ்ப்பிரிவில் கூரை ஒழுகியதால் தாய்மார் பிள்ளைகளை விடுவதே இல்லை. என்ன செய்தார் தெரியுமா? எங்களைப் பார்த்து முடித்து, துரை பங்களாவில் அவர்கள் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், கொழுந்து லொறியில் எங்களை ஏற்றிக் கீழ்ப்பிரிவில் இறக்கிவிட்டார். சட்டையை மட்டும் மாற்றிவிட்டார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மா என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு ஏதோ சொல்லிச் சிரித்தாள். காலையிலும் அதே கன்னத்தைத்தான் கிள்ளியிருந்தாள். அவளுக்கு எல்லாத் தோட்டத்துப் பிள்ளையும் ஒரே முகம். எனக்கு ஒரே நாளில் இரண்டு பிஸ்கட் பெட்டி கிடைத்தது. அதனால் அப்போது அவரை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

பிடித்தது, வெறுத்தது, மறுபடி பிடித்தது என்று என் புத்தி அவர் விசயத்தில் எங்கேயும் நிலையாக நின்றதில்லை.

உயர்தரப் பரீட்சை எழுதி, பல்கலைக்கழகத்துக்குக் கொஞ்சம் எட்டாமல், லயத்துக் காம்பராவில் உட்கார்ந்து கூரைத் தகரத்தை எண்ணிக்கொண்டிருந்த காலத்தில்தான் அந்த லேசர் மெசின் வந்தது. போர் முடிவதற்குச் சற்று முந்திய வருடங்கள். கண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் காடுகளைப் பற்றிப் படிப்பிக்கிற ஒரு யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் தோட்டத்துக்கு மேலேயிருந்த காட்டை அளக்க வருகிறார் என்று துரைக்குக் கடிதம் வந்தது. ஊரில் ஒரு உதவியாள் வேண்டும், ஆங்கிலம் தெரிந்தால் நல்லது என்றும் கேட்டிருந்தார்கள். கண்டாக்கு ஐயா நேரே எங்கள் வாசலுக்கு வந்து நின்றார்.

"இங்கிலீசு பேசுற புள்ள ஒன்னு நம்ம லயத்துல இருக்குன்னு அவங்களுக்குக் காட்டணும்ல?" என்றார் அம்மாவிடம்.

ஆக, நானும் ஒரு பூச்செடிப் பீப்பாய்தான். ஆனால் அந்தப் பீப்பாயில்தான் நான் முளைத்தேன், அதை மறைத்துப் பேசினால் நாக்கு அழுகிவிடும்.

அந்தக் காட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏன் இத்தனை கத்துகிறேன் என்று விளங்காது. எங்கள் லயத்துக்கு நேர் மேலே, தேயிலை முடியும் இடத்தில் அது தொடங்கும். கீனா மரங்கள், அவற்றின் அடியில் ஆள் உயரத்துக்கு நெல்லுப் பத்தை என்கிற காட்டுப் புதர், பெரணி, மூங்கில், கொடி. உள்ளே போனால் அட்டை காலில் ஏறும். அதற்குள்ளிருந்து கசிந்து வரும் தண்ணீர்தான் எங்கள் பீலியில் விழும். குடிக்க, குளிக்க, சமைக்க எங்கள் லயத்துக்கு வேறு நாதி இல்லை. காடு அரசாங்கத்தின் பாதுகாப்பில் இருந்தது. அதை எடுத்துவிட்டு ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, விறகுக்காக யூக்கலிப்டஸ் நட வேண்டும் என்று கம்பெனி நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது. காடு நன்றாக வளர்கிறதா, இல்லை செத்துக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து முடிவு சொல்லக் கொழும்பில் ஒரு குழு இருந்தது. அதற்குத்தான் இந்த அளவை. ஒரு தடவை அளப்பது, ஒரு வருடம் கழித்து மறுபடி அளப்பது. கூடியிருந்தால் காடு பிழைக்கும். குறைந்திருந்தால் கம்பெனிக்குக் கொண்டாட்டம்.

அந்த யாழ்ப்பாணத்துக்காரரை, நாங்கள் சேர் என்று கூப்பிட்டவரை, அழைத்துவரக் கண்டாக்கு ஐயா தோட்டத்து ஜீப்பில் அட்டனுக்கே போனார், என்னையும் ஏற்றிக்கொண்டு. சோதனைச் சாவடியில் சேரின் அடையாள அட்டையை இரண்டு தடவை புரட்டினார்கள். யாழ்ப்பாணப் பெயர், கூடவே ஒரு கறுப்புப் பெட்டி, அதற்குள் மூன்று காலில் நிற்கிற மெசின். கேட்க வேண்டுமா? சேருக்கு வேர்த்துவிட்டது. கண்டாக்கு ஐயா ஜீப்பிலிருந்து இறங்கி, கோட்டைத் தட்டிவிட்டு, சிங்களத்தில் என்னவோ இனிமையாகச் சொன்னார். துப்பாக்கியோடு நின்ற அந்தச் சிப்பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, பெட்டியைப் பார்த்து நிமிர்ந்து நின்றான். போட்டோ மெசின், நல்லாப் பிடிக்கும் என்று சொல்லியிருக்கிறார். சேரும் போட்டோ பிடிக்கிற பாவனையில் மூடிய பெட்டியைப் பார்த்து ஒரு கண்ணைச் சுருக்கிக் கையைத் தூக்கினார். எங்களை விட்டுவிட்டார்கள்.

"உங்கடை கண்டாக்கர் பெரிய கெட்டிக்காரன் பிள்ளை" என்றார் சேர் வழியெல்லாம்.

கெட்டித்தனம் மறுநாளே காட்டுக்குள் பல்லைக் காட்டியது. நான்கு இடத்து அளவையும் பிறகு ஒட்டுவதற்காக, காட்டுக்குள் அங்கங்கே வெள்ளைப் பந்துகளைக் கம்பியில் குத்தி வைப்போம். அவை அசையக்கூடாது. மெசின் ஒரு பக்கம் அளந்து முடித்து நாங்கள் சோறு தின்னப் போன நேரத்தில், கண்டாக்கு ஐயா கயிறு பிடித்து, எல்லாப் பந்தையும் ஒரே வரிசையில், சம இடைவெளியில் நட்டு வைத்திருந்தார். கன்று நடுகிற அழகு.

"கண்ட மாதிரிக் கெடந்துச்சு சேர். ஒழுங்குபடுத்திட்டோம்" என்றார்.

சேர் தலையில் கைவைத்து ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். அரைநாள் வேலை பாழ். இருந்தாலும் திட்டவில்லை. மறுபடி தொடங்கினோம். திட்டியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

சேருக்கு ஒரே ஒரு குறை. நெல்லுப் பத்தை அடர்ந்து நின்றதால் மெசினின் ஒளி பின்னால் இருக்கிற மரங்களுக்குப் போகவில்லை. இடத்துக்கு இடம் மாற்றி வைத்து முதுகு ஒடிந்தது. கடைசி நாள் அலுப்பில், "சீ, இந்தப் பத்தை எல்லாத்தையும் மறைக்குது. இது மட்டும் இல்லையெண்டால் எவ்வளவு வடிவாத் தெரியும்" என்றார். வாய்விட்டுப் புலம்பியது அவ்வளவுதான். எனக்குப் பக்கத்தில் நின்ற கண்டாக்கு ஐயா கோட்டுப் பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்து எதையோ எழுதிக்கொண்டார். நான் கவனித்தேன். ஆனால் பெரிசாக எடுக்கவில்லை. அவர் எல்லாவற்றையும்தான் எழுதுவார்.

ஒரு வருடம் போனது. இரண்டாம் அளவைக்கு முந்திய வாரம் சேர் என்னைப் பல்கலைக்கழகத்துக்கு வரச்சொல்லி அந்தப் புள்ளிக்காட்டைக் கணினியில் காட்டினார். அங்கேதான் முதுகில்லாத மனிதரைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்துக்கொண்டேதான் ஜீப்பில் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தோம்.

காட்டு வாசலில் ஜீப் நின்றது. சேர் இறங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார்.

"காடு எங்கை பிள்ளை?" என்றார்.

மரங்கள் இருந்தன. மரங்கள் மட்டும்தான் இருந்தன. நெல்லுப் பத்தை, பெரணி, மூங்கில், கொடி, இளங்கன்று ஒன்றும் இல்லை. கீழ்க்கிளைகள் எல்லாம் ஒரே உயரத்துக்குச் சீவப்பட்டிருந்தன. தரை கூட்டிப் பெருக்கின பெரட்டுக்களம் மாதிரிக் கிடந்தது. தேயிலைச் செடி கிழடானால் அதைச் சமமாக வெட்டித் துளிர்க்க வைப்போமே, கவ்வாத்து என்று, அந்தக் கவ்வாத்தைக் காட்டுக்குச் செய்திருந்தார்கள். கவ்வாத்து ஆட்கள் இருபது பேர், மூன்று நாள். கண்டாக்கு ஐயா சுண்ணாம்பு வாளியோடு நின்றார். முதல் மரத்துக்கு இடுப்பளவு வெள்ளை பூசி முடித்து, இரண்டாவது மரம் நடந்துகொண்டிருந்தது.

"போன தடவ பத்தை மறைக்குதுன்னு சொன்னீங்கல்ல சேர்? இந்தா, இனி அந்தக் கோடி வரைக்கும் தெரியும்!" அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"ஐயோ ஐயா! நான் சும்மா வாயாலை சொன்னனான். வெட்டச் சொல்லேல்லையே!"

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். எங்கள் ஆள் பிடித்தது பிள்ளையாரையுமில்லை, குரங்கையுமில்லை. குரங்கு குடியிருந்த மரத்தையே சீவிவிட்டார்.

"நீங்க ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?" என்று நான் அவர் முகத்துக்கு நேரே கத்தினேன். லயத்துப் பிள்ளை கண்டாக்கைப் பார்த்துக் கத்துவது எங்கள் தோட்டத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். அவர் வாளியைக் கீழே வைத்தார். "பாக்க வாறவங்களுக்கு மறைக்கக் கூடாதுன்னுதான் புள்ள…" என்று சொல்லி, முடிக்கவில்லை.

அளந்தோம், வேறென்ன செய்வது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரே வருடத்தில் காடு பாதி இளைத்திருந்தது. "எவ்வளவு குறைஞ்சது எண்டு மெசினுக்குத் தெரியும். ஏன் குறைஞ்சது எண்டு தெரியாது" என்றார் சேர். "கண்டாக்கர் வெட்டுவிச்சவர் எண்டு நான் எழுதுறன். ஆனா நான் மட்டும் எழுதினால் காணாது."

போதவில்லைதான். துரை முந்திக்கொண்டார். கொழும்புக் குழுவுக்கு அவர் அனுப்பிய கடிதத்தில், தோட்டம் அப்படி ஒரு வேலைக்கு ஆள் விடவில்லை, லயத்து மக்கள்தான் விறகுக்காகக் காட்டைத் திருடி அழித்துவிட்டார்கள், இனி அதைக் காப்பாற்றிப் பயனில்லை என்று எழுதியிருந்தார். அனுமதியில்லாமல் அந்தக் காட்டில் கத்தி வைப்பதே குற்றம். துரைக்கு அது ஒரே கல்லில் இரண்டு மாங்காய். தோட்டத்தின் மேல் குற்றம் வராது, காடும் கைக்கு வரும். நாங்கள் கள்ளர்கள் ஆனோம்.

"களவாண்டவன் கடைசியில சுண்ணாம்பு அடிச்சிட்டா போவான்?" என்று அம்மா பீலியடியில் நின்று தொண்டை கிழியக் கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் எங்கள் ஊர் மழை இரண்டு மரத்துச் சுண்ணாம்பை இரண்டே நாளில் கழுவிக்கொண்டு போய்விட்டது. வெட்டிய இருபது பேரும் வாய் திறக்கவில்லை. "வெட்டுனோம்னு நாங்க ஒத்துக்கிட்டா எங்களத்தானே புடிப்பாங்க?" என்றார்கள். அதுவும் நியாயம். சொல்லக்கூடிய ஆள் ஒருவர்தான். அவரைத் துரை பங்களாவுக்குக் கூப்பிட்டுப் பேசி அனுப்பியிருந்தார். ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்தது. வாய் திறக்காமல் இருந்தால் எட்டு மாதமும் குவாட்டர்சில் இருக்கலாம், மாலையோடு போகலாம். திறந்தால் அடுத்த வாரமே பெட்டியைக் கட்ட வேண்டும். வெட்டிய குப்பையையும் விசாரணைக்கு முன்னால் எரித்துவிடச் சொல்லியிருந்தார் துரை.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு நான் அவர் குவாட்டர்சுக்குப் போனேன். வாசலில் அதே பூச்செடிப் பீப்பாய். மலைக்குப் பின்னாலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது.

"எரிக்கச் சொல்லிட்டீங்களா? எங்க ஆளுகளக் கள்ளங்கன்னு எழுதிப்புட்டாங்க ஐயா. காட்டை எடுத்துட்டா பீலியில தண்ணி நின்னுபோகும். அம்மா எங்கன போயி தண்ணி தூக்கும்? அஞ்சு வயசுல என்னைய லொறியில ஏத்திக் காட்டுனீங்களே, அன்னைக்கி மாதிரியே இன்னைக்கும் பொய்யா?"

அவர் குனிந்து காலுறையை இழுத்துவிட்டார். ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். பிறகு கேட்டார்: "விசாரணைக்கு வாறவங்க ஜீப்ப எங்கன நிப்பாட்டுவாங்க புள்ள?"

த்தூ என்று துப்பாத குறையாக எழும்பி வந்துவிட்டேன். இந்த மனிதன் சாகும்போதும் பாடை நேராக இருக்கிறதா என்று பார்ப்பான் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா பீலிக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

விசாரணை நாள். கொழும்புக் குழுவிலிருந்து ஒரு சிங்கள அதிகாரி வந்தார். துரை வந்தார். சேர் மெசினோடு வந்தார். நான் எதிர்பார்த்த மாதிரியே காட்டு வாசலில் வெள்ளைத் துணி விரித்த மேசை, தேத்தண்ணீர், வாழைப்பழம், பிஸ்கட். லயத்து ஆட்கள் தூரத்தில் நின்றார்கள். அதிகாரி பேனாவைத் திறந்து எழுதத் தொடங்குமுன் கண்டாக்கு ஐயா முன்னால் வந்தார்.

"கொஞ்சம் பின்பக்கம் வாங்க" என்றார், சிங்களத்திலும் தமிழிலும்.

துரை திரும்பிப் பார்த்தார். பின்பக்கம் என்ற வார்த்தையை அந்த வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. அவர் யாருக்கும் காத்திருக்காமல் நடந்தார். அங்கே ஒரு பாதை இருந்தது. போன வாரம் இல்லாத பாதை. மலையின் மறுபக்கத்துக்கு இறங்குகிற சரிவில் படி வெட்டி, மூங்கிலில் கைப்பிடி கட்டி, இருபுறமும் கல் பதித்து, ஒவ்வொரு கல்லுக்கும் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார். மந்திரி வந்தாலும் அப்படிச் செய்திருக்க மாட்டார். படியின் முடிவில், பள்ளத்தை நிறைத்துக்கொண்டு, வெட்டிய காடு குவிந்து கிடந்தது. பத்தை தனியாக, கிளை தனியாக, மூங்கில் தனியாக. ஒரு குச்சிகூட எரியவில்லை. அன்றைக்கு எழுந்த புகை, தேயிலையில் வெட்டிப் போட்ட பழைய மிலாறுச் சுள்ளி எரிந்த புகை. பங்களாவிலிருந்து பார்க்கிற துரைக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக மூட்டிய புகை!

குச்சிகளின் வெட்டு வாயைப் பிரம்பால் காட்டினார். எல்லாம் ஒரே சாய்வு. விறகுக்கு வெட்டுகிறவன் கோடரியால் கொத்துவான். இது கவ்வாத்துக் கத்தி, தோட்டத்துக் கத்தி.

"மம தமய் கெப்புவே" என்றார் அதிகாரியிடம். நான்தான் வெட்டினேன். பிறகு எங்கள் ஆட்கள் பக்கம் திரும்பி, "இவங்க நான் சொன்ன வேலையச் செஞ்சாங்க. ஒரு வெறகு இவங்க எடுக்கல" என்றார்.

துரை இங்கிலீசில் ஏதோ தொடங்கினார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்திவிட்டு எழுதிக்கொண்டேயிருந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டு நாளைக்கு முன் அவரைப் பார்த்து நான் பேசின பேச்சை நினைத்துக் கூசினேன்.

அந்தக் குவியலையும் சேர் அளந்தார். அளந்து பார்த்ததில், காட்டில் குறைந்ததும் குவியலில் கிடந்ததும் ஏறக்குறையச் சரியாக இருந்தது. காடு சாகவில்லை, சிரைக்கப்பட்டிருக்கிறது என்று குழு ஒப்புக்கொண்டது. காடு தப்பியது. எங்கள் பெயரும் தப்பியது. துரையை வேறு தோட்டத்துக்கு மாற்றினார்கள், இதைவிடப் பெரிய தோட்டம், இதைவிடப் பெரிய பங்களா. கண்டாக்கு ஐயாவுக்குப் பெட்டி கட்ட ஒரு வாரம் கொடுத்தார்கள். மாலை கிடையாது. வட்டகொடை ஸ்டேசனுக்குப் பெட்டிகளை எங்கள் ஆட்கள்தான் சுமந்தார்கள், கவ்வாத்து ஆட்கள் இருபது பேரும். போகிற அன்று காலையில் அவர் பீப்பாய்ப் பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றார்.

"இனி எதுக்கு ஐயா?" என்று கேட்டேன்.

"புதுக் கண்டாக்கு வாறார்ல புள்ள. வந்தவுடனே பாக்கறதுக்கு ஒரு இது வேணாமா?"

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று போனவள், கேட்காமலே திரும்பினேன். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. நெல்லுப் பத்தை இரண்டு மழையில் மறுபடி ஆள் உயரம் வந்துவிட்டது. கவ்வாத்துச் செய்தால் துளிர்க்காமல் இருக்குமா?

அந்தக் குவியலை அளந்த புள்ளிப்படம் இன்னமும் என்னிடம் இருக்கிறது. அன்றைக்குச் சேர் மெசினைக் குவியலுக்கு எதிரே நிறுத்தி, "ஐயா, கொஞ்சம் விலகுங்கோ" என்றார். கண்டாக்கு ஐயா காதில் விழவில்லை. குவியலைப் பார்த்தபடியே நின்றார். மெசின் இடம் மாறியது. அவர் திரும்பவில்லை. மறுபடி மாறியது. தொப்பியைத் தொடவில்லை. நான்கு பக்கமும் மெசின் சுற்றி வந்தபோதும் நின்ற நிலையில் நின்றார். அதனால் அந்தப் படத்தில் அவர் முழுசாக இருக்கிறார். பின்னால் போய்ப் பார்த்தால் முதுகு தெரியும். வலது தோள் இறங்கி, கழுத்துக்குக் கீழே நன்றாகக் கூன் விழுந்த முதுகு. தோட்டத்தில் ஒருவருக்கும் அது தெரியாது. நாங்கள் பார்க்கும்போதெல்லாம் அவர் நிமிர்ந்துதான் நின்றார்.